கொடுவாவின் வயிற்றில் கிடந்த றப்பர் புழு

என் அன்புக்குரிய ஸல்மாட வாப்பாவுக்கு,

உங்கள் கபுறில் அல்லாஹ் வெளிச்சத்தைத் தரட்டும். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லப்போவதில்லை. மகளின் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்கள், அது போதும்.

வியாழக்கிழமை ஒரு மீன் வெட்டினேன். அன்றிலிருந்து என் கை என் சொல் கேட்பதில்லை. தறியில் குந்தினால் நூலை அறுத்துவிடுகிறேன், அடுப்பில் வைத்த சோற்றை மறந்துவிடுகிறேன். யாராவது பின்னால் வந்து பேசினால் தூக்கிப்போடுகிறது. இந்தக் கடிதத்தைக்கூட மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

முறையாகச் சொல்கிறேன். நீங்கள் மௌத்தானதற்காக நான் இருந்த இத்தா போன வாரம் முடிந்தது. நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண் முகம் பார்க்காமல் இந்த வீட்டுக்குள் இருந்தேன். அந்த நாட்களில் நான் என்ன நினைத்துக்கொண்டு இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் உங்கள் உயிரை நீங்களே மாய்த்துக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். என்னால்தான் என்று நினைத்தேன். ஊரும் அப்படித்தான் குசுகுசுத்தது. ஆற்றிலும் கடலிலும் மீனாய் நீந்தின மனுஷன் நெஞ்சளவு தண்ணீரில் எப்படி மூழ்குவான் என்று கேட்டார்கள். எனக்குக் கேட்காமல் கேட்பதாக அவர்களுக்கு எண்ணம். மருதமுனையில் வேலிக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கத்துக்குக் கேட்காமல் இருக்குமா?

அப்படி மாய்த்துக்கொண்டவருக்கு மறுமையில் என்ன கிடைக்கும் என்பதைச் சின்ன வயதில் ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொழுகையிலும் அது ஞாபகம் வரும். உங்களுக்குத் துஆக் கேட்கக் கையை ஏந்துவேன், நாக்கு எழும்பாது.

வியாழக்கிழமை காலையில் என் கூடப்பிறந்த காக்கா சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு கொடுவா கட்டியிருந்தது. வால் நிலத்தில் இழுபட்டு, பாதி மண்ணாகியிருந்தது. கிட்டங்கித் துறைக்குப் பக்கத்தில், கண்டல் வேருக்குள் கட்டிய வலையில் பட்டதாம்.

"இத்தா முடிஞ்சிட்டு. இனியாவது வாய்க்கு ருசியாச் சாப்பிடு புள்ள. எலும்பும் தோலுமா இரிக்காய்" என்றார்.

கிட்டங்கி என்றார். உங்களைத் தூக்கியெடுத்த இடம். ஆனால் காக்காவின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து குசினி வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு, மீனை ஆயத் தொடங்கினேன்.

செதிள் எடுத்தேன். செவுள் பூ எடுத்தேன். வயிற்றைக் கீறிக் குடலை வெளியே இழுத்தபோது இரைப்பையில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. நண்டு ஓடு என்று நினைத்து அதையும் கீறினேன். உள்ளே இருந்து வந்தது ஒரு புழு. ஊதிப் பெருத்திருந்தது, நிறம் வெளுத்திருந்தது, ஆனால் வாலின் நெளிவு அப்படியே இருந்தது. அழுகவில்லை. இரண்டு விரலால் அமத்தினேன், மெத்தென்று அமுங்கித் திரும்ப எழும்பியது. துருப்பிடித்த தூண்டில் முள்ளொன்று அதன் முதுகில் குத்தியிருந்தது.

சட்டியில் இருந்த தண்ணீரில் அதைக் கழுவினேன். ஒருதரம் கழுவியது போதாமல் இன்னும் இரண்டுதரம் கழுவினேன்.

இந்தப் புழு இந்த ஊரில் வேறு யாரிடம் இருந்தது? இங்கினியாகலை அணைக்கட்டில் வேலை செய்த வெள்ளைக்கார இஞ்சினியருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் தோணி வலித்தீர்கள். வேலை முடிந்து அவர் தன் நாட்டுக்குப் போகும்போது, வட்டமான புகையிலைத் தகரம் ஒன்றில் இந்த றப்பர் புழுக்களைப் போட்டு உங்களுக்குத் தந்துவிட்டுப் போனார். இரைக்காக உயிருள்ள தவளையை முள்ளில் குத்த உங்களுக்கு எப்போதும் மனம் வராது. அதனால்தான் இந்தப் புழுவைக் கண்டதும் பெருநாள் வந்தது போல ஆகிவிட்டீர்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஸல்மாவின் முகப்பவுடரை எடுத்துத் தூவி வைப்பீர்கள். பவுடர் எப்படிக் குறைகிறது என்று அவள் என்னோடு சண்டை பிடிப்பாள்.

முதல் நாள் அதைக் கிணற்றுக்குள் விட்டு எனக்குக் காட்டினீர்கள். நான் சிரித்தேன். தண்ணீர் அள்ளும் கிணற்றில் மீன் பிடிக்கிற ஒரே ஆம்பிளை நீங்கள்தான் என்றேன். நீங்கள் என் சிரிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

"இழுக்கிறதில இல்ல புள்ள, உடுறதிலதான் இரிக்கி விசயம்" என்றீர்கள். "மெல்லத் தூக்கணும், பிறகு கையத் தளர்த்தணும். அது தானா விழும். விழக்குள்ளதான் மீனுக்கு ஆசை வரும். ஓடுற இரையை அது சந்தேகப்படும், சாகிற இரையை நம்பும்."

முதல் தட்டுக்கு இழுக்கக்கூடாது என்றும் சொன்னீர்கள். மீன் மூக்கால் முட்டிப் பார்க்குமாம், அப்போது இழுத்தால் புழு மட்டும்தான் திரும்பி வருமாம். நூல் ஒரு பக்கமாக நகர்ந்து, விரலில் பாரம் தெரியும் வரைக்கும் பொறுக்க வேண்டுமாம். புழு சின்னது, பாரம் இல்லாதது, ஆகையால் தடித்த கயிறு சரிவராது, மெல்லிய நைலோன் தங்கூசி வேண்டும் என்றீர்கள். தங்கூசி விலையாக இருந்ததால் ஒரு பாகம் மட்டும் தங்கூசி, மிச்சம் நூல். இரண்டையும் சேர்க்க நீங்கள் போட்ட முடிச்செல்லாம் வழுகிற்று. கடைசியில் என்னிடம்தான் வந்தீர்கள். அறுந்த இழையைச் சேர்க்க நாங்கள் தறியில் போடுகிற முடிச்சைக் காட்டிக் கொடுத்தேன். உங்கள் தடித்த விரலுக்கு அது பிடிபட ஒரு வாரம் எடுத்தது.

வியாழக்கிழமை என் கையில் இருந்த புழுவிலும் ஒரு சாண் தங்கூசி தொங்கியது. அதன் நுனியில் அந்த முடிச்சு. முடிச்சுக்கு அப்பால் இரண்டு விரல்கடை நீளத்துக்குச் சிவப்பு நூல், நாலைந்து இழை சேர்த்து முறுக்கியது. என் தறி நூல். அந்தச் சிவப்பு நான் என் கையால் சாயம் போட்டது.

காக்காவிடம் நீட்டினேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். வைக்கும்போது சரிந்து ஊற்றுண்டது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"இது எங்க இருந்த?" என்றார்.

"இதுட வகுத்துக்குள்ள."

"இந்த நூலு ஒன்ட நூலா?"

"ஓம் காக்கா. என்ட நூலுதான்."

அவர் தலையில் கட்டியிருந்த லேஞ்சியை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். என் காக்கா அழுது நான் கண்டதில்லை, எங்கள் வாப்பா மௌத்தான அன்றுகூட அழவில்லை.

"தங்கச்சி, நான் ஒண்டு செல்லணும். செல்லக்கூடாத விசயம். மையித்தக் குளிப்பாட்டினவன் கண்டத வெளியில செல்லக்கூடாதெண்டு ஒனக்கும் தெரியும். மச்சான்ட வலக்கையில நூல் சுத்தியிரிந்த. மணிக்கட்டுல மூணு சுத்து, சுட்டுவிரல்ல ரெண்டு சுத்து. சதைக்குள்ள இறங்கியிரிந்த. சிவப்பு நூல். சட்டைக் கை நீளமானபடியா கொண்டு வந்தாக்கள் காணல்ல. நான்தான் அறுத்து எடுத்தன்."

"ஏன் காக்கா எனக்குச் செல்லல்ல?"

"எப்பிடிச் செல்ல? தூண்டில் தகரத்த நீ முந்தின நாள் அடுப்புல போட்டது எனக்குத் தெரியும். தூண்டில் இல்லாம போன ஆள். கையில பெண்சாதிட தறி நூல். நீந்த ஏலாம தன்ட கையத் தானே கட்டிக்கிட்டார் எண்டுதான் நான் நெனச்சன். அதையும் ஒன்ட நூலால. அந்த நூலக் கண்டா நீ உயிரோட இரிப்பியா?"

ஸல்மாட வாப்பா, எனக்கு அப்போது வந்தது என்னவென்று எப்படி எழுதுவேன்? நாலு மாதமாக ஊர் மெல்லியதை என் காக்கா நம்பியிருக்கிறார். ஊரைவிட அதிகமாக நம்பியிருக்கிறார், ஏனென்றால் அவர் கண்ணால் கண்டார். கண்டதை மார்க்க முறைப்படி மறைத்தார், என்மேல் உள்ள இரக்கத்தாலும் மறைத்தார். அந்த நூலை அன்றைக்கே என்னிடம் காட்டியிருந்தால் நான் ஒரு பார்வையில் சொல்லியிருப்பேன். தூண்டிலுக்கு முறுக்குகிற முறுக்கு அது. கை கட்டுகிறவன் நாலு இழை சேர்த்து முறுக்கிக்கொண்டு இருப்பானா?

ஒரு நூல்கண்டு குறைவது எனக்கு இத்தாவின் முதல் கிழமையிலேயே தெரிந்தது. பூனை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். பார்த்தீர்களா என் புத்தியை.

நீங்கள் மீன் பிடிக்கப் போயிருக்கிறீர்கள். சாகப் போகவில்லை. தகரத்துக்கு வெளியே எங்கேயோ ஒரு புழுவும் ஒரு முள்ளும் ஒரு துண்டுத் தங்கூசியும் தப்பியிருந்திருக்கின்றன, அநேகமாக உங்கள் சட்டைப் பைக்குள். ஸுபஹுத் தொழுதுவிட்டு, என் நூலை எடுத்து முறுக்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போயிருக்கிறீர்கள். புழுவைத் தூக்கி, தளர்த்தி, விழவிட்டுக் காத்திருந்திருக்கிறீர்கள். இந்த ராட்சதன் வந்து விழுங்கிக்கொண்டு வேருக்குள் பாய்ந்திருக்கிறான். பாசிக் கல்லில் நின்ற கால் வழுக்கியிருக்கும். கை நூலில் மாட்டியிருக்கும்.

காக்கா அன்றைக்கே எழும்பிப் போய்ப் பள்ளிவாசலில் சொன்னார். மையித்தின் கையில் கண்டதைச் சொன்னதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொன்னாராம். புழுவையும் முள்ளையும் தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டினாராம். பின்னேர அஸர்த் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பரவிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் குசுகுசுத்த பெண்களெல்லாம் முன் வாசலால் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். "பாவம், இந்தப் புள்ள எவ்வளவத்த மனசுக்குள்ள வெச்சிரிந்தாள்" என்றார்கள். நின்றுபோயிருந்த ஸல்மாவின் சம்பந்தத்தையும் திரும்பக் கதைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. எனக்கு மூச்சு விட முடிந்தது. அன்று பொழுதுபட்டு மஃரிபுத் தொழுததும் உங்களுக்காகக் கை ஏந்தினேன். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தரம் நாக்கு எழும்பிற்று.

ஆனால் துஆ முடிவதற்கு முன்னமே இன்னொன்று விளங்கிற்று. இதுவரைக்கும் யாருக்கும் விளங்காதது, காக்காவுக்கும் விளங்காதது. மீன் பிடிக்க நீங்கள் என்னைத் தவிர வேறு யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லையே.

நீங்கள் ஒருநாளும் நூலைக் கையில் சுற்றுகிற ஆள் இல்லை.

நூலைச் சுற்றி வைத்தது அந்தப் புகையிலைத் தகரத்தில். உள்ளே புழு, வெளியே நூல். தகரத்தைக் கையில் பிடித்து நூலை வீசுவீர்கள், விரல் நுனியில் தொட்டுப் பார்ப்பீர்கள். "பெரிய சாமான் பட்டா தகரத்த உட்டுடணும். மூடின தகரம் மிதக்கும். மீன் களைச்ச பிறகு நீந்திப் போய் எடுத்துக்கலாம்" என்று எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தகரம் இருந்திருந்தால் அன்றைக்கு அதை விட்டிருப்பீர்கள். கொடுவா போயிருக்கும், நீங்கள் கரையில் நின்று சிரித்திருப்பீர்கள். தகரம் இல்லாததால்தான் நூலைக் கையில் சுற்றினீர்கள். தகரத்தை அடுப்பில் போட்டது நான்.

அந்த நாளைத் திரும்பச் சொல்வது உங்களுக்காக அல்ல, இதை வாசிக்கப்போகிறவர்களுக்காக. ஸல்மாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள். மத்தியான லுஹருக்குப் பிறகு வருவதாகச் சொன்னவர்கள் சொன்னபடி வந்தார்கள். பெண்ணின் வாப்பா எங்கே என்று கேட்டார்கள். காக்கா சமாளித்தார், நான் பலகாரத் தட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பினேன். அவர்கள் எழும்பும் நேரத்தில் நீங்கள் நனைந்த சாரனோடு, கையில் ஒரு கொடுவாவோடு வந்து நின்றீர்கள். விருந்துக்கு நல்ல மீன் பிடிக்கப் போனதாகச் சொன்னீர்கள். வந்தவர்களில் ஒருவர், "றப்பர் புழுவோட விளையாடப் போன எண்டு செல்லுங்க" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர்கள் போனதும் தகரத்தை எடுத்து அப்படியே அடுப்பில் போட்டேன். தகரம் நெளிந்து வாய் பிளந்தது, வெளியே சுற்றியிருந்த நூல் எரிந்தது, புழுக்கள் உருகிக் கரும்புகை வந்தது, நாற்றம் மூன்று வீட்டுக்கு அடித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது எங்கட உம்மா எனக்குத் தந்த ஊடு. புழுவோட குடும்பம் நடத்துறதெண்டா வெளியால போய் நடத்துங்க" என்றேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்த அன்றே ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறான். அதனால் எந்தப் பெண்சாதியும் எவ்வளவு கோபத்திலும் அந்த ஒரு பேச்சைப் பேசமாட்டாள். நான் பேசினேன்.

நீங்கள் அடுப்பைப் பார்த்தீர்கள். "அதுகள் என்ன பாவம் செஞ்ச புள்ள" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளிவிறாந்தையில் பாயைப் போட்டீர்கள். காலையில் தேத்தண்ணி குடிக்காமல் போனீர்கள்.

அந்தப் பேச்சுத்தான் உங்களைக் கொன்றது என்று நாலு மாதம் நினைத்திருந்தேன். அது இல்லை என்று வியாழக்கிழமை காலையில் தெரிந்தது. அரை நாள்கூட அந்த ஆறுதல் எனக்கு நிலைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஸல்மாவை முன்னால் இருத்திச் சொன்னேன். தகரம் மிதக்கும் என்பதையும் சொன்னேன். அவள் கண் வெட்டாமல் கேட்டாள்.

"மாமாக்குச் சென்னீங்களா?" என்றாள்.

"இல்ல."

"ஊராக்களுக்கு?"

"இல்ல மகள். ஒனக்குத்தான் முதல்ல."

"செல்லாம இரிந்திருக்கலாமே உம்மா" என்றாள். எழும்பிப் போனவள் இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. உங்களுடைய மகள் அல்லவா, சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கத் தெரியாது.

அவள் சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். மூடிவிட்டால் என்ன? காக்கா ஒன்றை மூடி நாலு மாதம் காத்தார், நானும் ஒன்றை மூடினால் சாகும்வரைக்கும் காக்கலாம். ஊர் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறது, மகளின் சம்பந்தம் திரும்பி வருகிறது. யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் காக்கா மறைத்தது மௌத்தானவரின் கையை. நான் மறைக்க நினைப்பது உயிரோடு இருக்கிறவளின் கையை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

வாசிகசாலைப் பொடியன்கள் கையால் எழுதி ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள், உங்களுக்குத் தெரியும். மேசையில் கிடக்கும், போகிறவர் வருகிறவரெல்லாம் புரட்டுவார்கள். உங்களைப் பற்றி நினைவஞ்சலி ஒன்று எழுதித் தரச்சொல்லி நேற்று வந்து கேட்டார்கள். நல்ல மனுஷர், கொடுவாவோடு போராடி மௌத்தானார் என்று நாலு வரி போதும் என்றார்கள். அந்த நாலு வரிக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொடுக்கப்போகிறேன், என் பெயரோடு. மாப்பிள்ளை வீட்டாரும் வாசிக்கட்டும். வாசித்த பிறகும் வருவார்களானால் வரட்டும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாக்குத் தருகிறேன். இனி இந்த வாசலில் யாராவது வந்து என் தோளைத் தடவி, "ஒங்கட பேச்சால அவர் மௌத்தாகல்ல, மனசத் தேத்திக்குங்க" என்று ஆறுதல் சொன்னால், அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டமாட்டேன். ஓம், பேச்சால் இல்லை, கையால் என்று சொல்வேன். ஸல்மா பக்கத்தில் நின்றாலும் சொல்வேன்.

உங்களை வீட்டை விட்டுப் போகச் சொன்ன,
உங்கள் பெண்சாதி,
ஸல்மாட உம்மா சுபைதா.